வெள்ளிக்கிழமை காலைல வயித்தை அறுக்குறாக, எல்லாரும் வந்துருங்க

நெசவுத் தெருவுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் உண்டு. பாவு ஓட்ட ஒரு ஆளு, கஞ்சி போட ஒரு ஆளு, தறியில உக்கார ஒரு ஆளு. புள்ளை பெக்குற வேலைக்கு மட்டும் உடம்பு ஒருத்தியோடது, தெருவுல இருக்கிற அத்தனை பேரும் மேஸ்திரி.

வயித்துல தையல் தழும்போட உக்காந்து இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்குச் சொன்னாப் புரியும். எனக்கு அதுக்கு முன்னாடி ரெண்டு பிரசவம் ஆயிருச்சு. ரெண்டும் திருச்சுழிப் பக்கம் எங்க அம்மா வீட்டுல. ரெண்டு தரமும் மூணு நாள் வலி, ரெண்டு தரமும் புள்ளை உசுரோட வரலை. முகத்தைக்கூடக் காட்டலை. பார்த்தா மறக்க மாட்டான்னு துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாக. பார்க்காட்டி மட்டும் மறந்துருவேனாக்கும்! மூணாவது தரம் மாசமானப்ப எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்லை. இந்தப் புள்ளை முகத்தை உசுரோட ஒருவாட்டி பார்த்துரணும், அவ்வளவுதான்.

அளந்து சொன்ன டாக்டரம்மா

எங்க வீடு அருப்புக்கோட்டையில. வீட்டுக்குள்ள தெலுங்கு, வாசப்படி தாண்டுனா தமிழ். எங்க மாமியாரை நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். அவுகளுக்கு மட்டும் இதுல ஒரு தனி ஏற்பாடு உண்டு. சண்டைக்குத் தெலுங்கு, கெஞ்சுறதுக்குத் தமிழ். ஒம்பதாம் மாசம் முடியப்போற சமயத்துல என்னை மதுரைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்க ஒரு டாக்டரம்மா, பாளையங்கோட்டைக்காரவுக. இரும்புல இடுக்கி மாதிரி ஒண்ணை வச்சு என் இடுப்பை இப்படி அளந்தாக, அப்படி அளந்தாக. அளந்துட்டு, "உனக்கு எலும்பு வாசல் குறுகலும்மா, புள்ளை அந்த வழியா வராது, வயித்தை அறுத்துத்தான் எடுக்கணும்"னாக. "வலி எடுக்குறதுக்கு முந்தி வந்துரணும், வலி எடுத்து மூணு நாள் கழிச்சுத் தூக்கிட்டு வந்தீகன்னா நான் பொறுப்பில்லை"ன்னு கண்டிசனாச் சொல்லிட்டாக.

எனக்கு ஒரே பயம். எங்க வீட்டுக்காரருக்கோ ஒரே சந்தோசம். "பார்த்தியா, அளந்து சொல்றாக! இதுவரைக்கும் எந்த வைத்தியராவது அளந்தானா?"ன்னு என்கிட்டக் கேக்குறாரு. நெசவாளிக்கு அளந்தது எல்லாம் சரியாத்தான் இருக்கும். அத்தை மட்டும் திருப்திப்படலை. மெல்ல முன்னால வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு, கெஞ்சல் தமிழ்ல கேட்டாக:

"வலிக்காமப் பெத்த புள்ளை நாளைக்குப் பெத்தவளை மதிக்குமா டாக்டரம்மா?"

நகமும் வயிறும்

அந்த ஆஸ்பத்திரியில அறுக்குறது செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான். இதைக் கேட்டதும் அத்தைக்கு மூச்சே நின்னுபோச்சு. எங்க வீட்டுல செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது, தறியில நெய்ஞ்ச சேலையைக்கூட அறுத்து எடுக்கக் கூடாது. சேலை முடிஞ்சு நின்னாலும் சனிக்கிழமை வரைக்கும் அது தறியிலயே கெடக்கும். இந்த லச்சணத்துல மருமக வயித்தை வெள்ளிக்கிழமை அறுக்குறதா?

அத்தை விடலை. புதன்கிழமை ஆகாதா, வியாழக்கிழமை ஆகாதா, ஒரு நாழிகை முன்னப்பின்ன ஆகாதான்னு புளிக்கு வெலை பேசுற மாதிரி பேசுனாக. டாக்டரம்மா மொதல்ல சிரிச்சாக, பெறகு விளக்கிச் சொன்னாக, பெறகு எழுதிக்கிட்டு இருந்த பேனாவைக் கீழ வச்சாக. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அவுக கோவிச்சுக்கிட்டு வேற ஆளைப் பாருன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? "எந்தக் கிழமைன்னாலும் சரிம்மா, அறுத்துருங்க"ன்னு நானே சொல்லிட்டேன். அந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டு ஆறு வருசத்துல அத்தை பேச்சை மறிச்சு நான் பேசுனது அன்னைக்குத்தான். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாக. டாக்டரம்மா நோட்டுல வெள்ளிக்கிழமைன்னு எழுதிட்டு, அத்தை பக்கம் திரும்பிச் சொன்னாக:

"நகம் வெட்டுறதா இருந்தா நீங்க சொல்ற நாளுக்கே வாங்க, நானே வெட்டி விடுதேன்."

வெத்தலை

இப்பத்தான் அந்தத் தப்பு நடந்துச்சு. எங்க ஆளுகளைத் தவிர உலகத்துல வேற யாரும் செய்யமாட்டாக. எங்க சனத்துல நாள் குறிச்சுட்டா அது விசேசம். விசேசம்னா வீடு வீடாப் போயி வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும். காது குத்துன்னாலும் அழைக்கணும், புதுத் தறி இறக்குனாலும் அழைக்கணும். ஒரு வீட்டை விட்டுட்டா மூணு தலைமுறைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. சாதாரணப் பிரசவத்துக்கு எவளும் நாள் குறிக்க முடியாது, அதனால அழைப்பும் கெடையாது. எனக்குத்தான் நாளும் குறிச்சு மணியும் குறிச்சாச்சே! அத்தை ரெண்டு நாள் யோசிச்சாக. சொல்லாம இருந்தா நாளைக்கு நாலு பேரு குத்தம் சொல்லுவாகளேன்னு, மூணாம் நாள் தாம்பாளத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாக.

"வர்ற வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணிக்கு மருமகளுக்கு வயித்தை அறுக்குறாக. மதுரையில. எல்லாரும் வந்துருங்க." இதைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வீட்டுலயும் வெத்தலை வச்சாக. பாலவனத்தத்துல நாத்தனா வீட்டுக்கு ஆள் விட்டாச்சு. ரெட்டியபட்டிக்குப் பருத்தி ஏத்தப் போற வண்டிக்காரன்கிட்டயும் சொல்லி விட்டாச்சு. ஒரே ஒரு வீட்டை மட்டும் விட்டாக. எதுத்த வீட்டுப் பங்காளி ராமசாமி வீடு. தறிக்குப் போற நீள நூலைக் கஞ்சி போட்டுக் காயவைக்கத் தெரு நீளத்துக்கும் விரிப்போம், அதுதான் பாவு. காலைல மொதல்ல யாரு பாவு விரிக்கிறதுங்கிற தகராறுல அவருக்கும் எங்களுக்கும் பத்து வருசமாப் பேச்சு கெடையாது. நான் வெக்கத்துல வீட்டைவிட்டு வெளியவே வரலை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி என்னைத் தேடி உள்ள வந்து, வயித்தை ஒரு தடவு தடவிட்டு, அக்கறையாக் கேட்டா:

"அறுக்குறது எட்டு மணிக்கு, சரி. சாப்பாடு எத்தனை மணிக்கு ஆத்தா?"

பாவு காயட்டும்

ஒரு நாள் முந்தியே வந்து படுக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாக. வியாழக்கிழமை காலைல பஸ்ஸுக்குப் போகணும், தெருமுனையில மாட்டுவண்டி நிக்குது. வாசலுக்கு வந்து பார்த்தா, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ராமசாமி பாவு. ஈரக் கஞ்சியோட விறைப்பா இழுத்துக் கட்டியிருக்காரு. வேணும்னேதான். எங்க வீட்டு வாசலையும் சேத்து மறிச்சுக் கட்டியிருக்காரு. பொம்பளை பாவைத் தாண்டக் கூடாது, அது எங்க தெருச் சட்டம். குனிஞ்சு அடியில போகலாம்னா எனக்கு வயிறு எங்க இருக்கு, பாவு எங்க இருக்கு!

வீட்டுக்காரரு, "கொஞ்சம் தளத்தி விடுங்க, பஸ்ஸு போயிரும்"ங்கிறாரு. பத்து வருசத்துல மொத வார்த்தை. ராமசாமி கஞ்சி தடவுற புருசுக் கட்டையை இழுத்துக்கிட்டே, எங்களைப் பார்க்காம பாவைப் பார்த்துப் பேசுறாரு. "தளத்துனா இழை ஒட்டிக்கிரும். பாவு காயட்டும்." எனக்கோ அடிவயிறு லேசா இழுக்குற மாதிரி இருக்கு. வலி வந்துருச்சுன்னா இந்தப் புள்ளையும் போச்சேன்னு சுவத்துல சாஞ்சுட்டேன். நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்ன நெலையைப் பார்த்துட்டு ராமசாமி புருசுக் கட்டையைக் கீழ போட்டாரு. ரெண்டு மூங்கிக் குச்சியை எடுத்தாரு, பாவுக்கு அடியில குடுத்து அவரும் அவரு பொண்டாட்டியுமாத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சாக. நான் அடியில நடந்து போனேன். அங்கங்க இழை படபடன்னு அறுந்துச்சு. அந்தச் சத்தம் கேக்க எனக்குத் தேகமெல்லாம் கூசுச்சு. வண்டியில ஏறுனதும் அவரு குரல் மட்டும் கேட்டுச்சு:

"வெத்தலை வச்சிருந்தா என் வீட்டுக்குள்ள வழி, வைக்காட்டி பாவுக்கு அடியில. போயிட்டு வா தாயி."

கரி பஸ்ஸு

யுத்த காலத்துல பெட்ரோல் ஏது? பஸ்ஸுக்குப் பின்னால ஆளுயரத்துக்கு ஒரு அடுப்பு, அதுல கரியைப் போட்டு, விசிறியைச் சுத்தி மூட்டிவிட்டு, அந்தப் புகையிலதான் பஸ்ஸு ஓடும். ஓடும்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. காரியாபட்டி தாண்டி ஒரு மேடு. பெரிய மலை ஒண்ணுமில்லை, ஆடு மேய்க்கிறவுக உக்காந்து வெத்தலை போடுற அளவு மேடு. அங்க வந்ததும் பஸ்ஸு பெருமூச்சு விட்டு நின்னுருச்சு. ஆம்பளைக எறங்கித் தள்ளுனாக, அசையலை. பொம்பளைகளும் எறங்குங்கன்னாரு கண்டக்டரு. எல்லாரும் எறங்கியாச்சு, பஸ்ஸு அசையலை. கண்டக்டரு ஜன்னல் வழியா என்னைப் பார்த்தாரு, என் வயித்தைப் பார்த்தாரு. "தாயி, நீங்களும் எறங்குனா ஏறிரும்"னாரு. அத்தை தெலுங்குக்கு மாறிட்டாக.

எறங்குனேன். நான் எறங்குன மறுநிமிசம் பஸ்ஸு விருட்டுன்னு கெளம்பிருச்சு. என்னமோ நான்தான் அத்தனை நேரம் அதைப் பிடிச்சு வச்சிருந்த மாதிரி! நடுவுல நிப்பாட்டுனா மறுபடி ஏறாதுன்னு மேட்டு உச்சிக்குப் போயி நின்னுக்கிட்டாக. கரிசல் காடு, ஒரு உடைமர நெழலுகூட இல்லை, வெயிலு மண்டையைப் பொளக்குது. நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எட்டா வச்சுப் போறேன். எனக்கு முன்னால ஓடிப்போயி பஸ்ஸுல ஏறிக்கிட்ட அத்தனை பேரும் மேல இருந்து தலையை நீட்டி, "வா தாயி, வா வா"ன்னு தேரு இழுக்குற மாதிரி சத்தம் போடுறாக. வயித்துக்குள்ள புள்ளை ஒரு உதை விட்டுச்சு. அந்த ஒரு உதைதான் எனக்குத் தெம்பு. இருக்கு, இன்னும் உசுரோட இருக்குன்னு சொல்லிக்கிட்டே மேடேறிட்டேன். மேல போயி மூச்சு வாங்க நின்னா, கண்டக்டரு பெருந்தன்மையாச் சொல்றாரு:

"வயித்துல இருக்கிறதுக்குத் தனி டிக்கெட்டு கேக்கலைல்ல, அதை நெனைச்சுச் சந்தோசமா ஏறுங்க."

கத்திக்குக் குங்குமம்

ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ஊசி போட்டாக, வயித்தைக் கழுவுனாக, பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாதுன்னாக. சாயங்காலம் டாக்டரம்மா பார்க்க வந்தப்ப அத்தை ஒரு எலுமிச்சம் பழமும் குங்குமச் சிமிழும் எடுத்து நீட்டுனாக. வெள்ளிக்கிழமை கத்தி படுறதுக்குப் பரிகாரம். அறுக்குற கத்திக்குக் குங்குமம் வச்சு, எலுமிச்சம் பழத்தை ஒரு வெட்டு வெட்டிட்டு, பெறகு என் வயித்துல வைக்கணுமாம். "கொதிக்க வச்ச கத்திக்கா?"ன்னு நர்ஸம்மா வாயைப் பொத்திக்கிட்டாக.

அந்தப் பேச்சு முடியலை, அதுக்குள்ள வீட்டுக்காரரு முன்னால வந்தாரு. தையல் என்ன நூலுலன்னு கேட்டாரு. டாக்டரம்மாவும் பாவம், மதிச்சு ஒரு துண்டு நூலை எடுத்துக் காட்டுனாக. மேல் தையலுக்குப் பட்டு நூலாம். இவரு அதை ரெண்டு விரல்ல வச்சு உருட்டிப் பார்த்தாரு, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாரு, பல்லுல கடிக்கப் போனாரு, நர்ஸம்மா புடுங்கிக்கிட்டாக. "பட்டு வழுக்கும்மா, முடிச்சு நிக்காது. பருத்திதான் பிடிக்கும்"னு சொல்லிக்கிட்டே மடியில இருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாரு. வீட்டுல கஞ்சி போட்டு முறுக்கேத்தி எனக்காகக் கொண்டாந்திருக்காரு. ஆசையா ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன், நாலு நாளா ராட்டினத்துல உக்காந்து இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்காருன்னு அப்பத்தான் எனக்கே தெரியும். சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியலை. டாக்டரம்மா எலுமிச்சம் பழத்தையும் நூல்கண்டையும் ரெண்டு கையில வாங்கி வச்சுக்கிட்டுச் சொன்னாக:

"நல்ல காலம், உங்க குடும்பத்துல கொத்தனாரு யாரும் இல்லை."

யாரு செத்துட்டாக?

மறுநாள் காலைல என்னைத் தள்ளுவண்டியில படுக்க வச்சு உள்ள கொண்டுபோனாக. மூக்குல ஒரு மூடியை வச்சு, மருந்தை ஊத்தி, எண்ணச் சொன்னாக. பதினொண்ணு வரைக்கும் எண்ணுனது ஞாபகம் இருக்கு. பெறகு நடந்தது எல்லாம் அங்க வேலை பார்த்த ஆயா எனக்குச் சொன்னது.

எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல முப்பது நாப்பது பேரு எறங்கியிருக்காக. தாம்பாளத்துல பழம், பூ, சீருன்னு வரிசையா வர்றாக, ஒரு அண்டாவுல புளியோதரை வேற. வாசல்காரரு பதறிப் போயி, "யாருங்க செத்துட்டாக?"ன்னு கேட்டிருக்காரு. அவ்வளவு கூட்டம் ஒரே சமயத்துல வந்தா அதுக்குத்தான் வருமாம். வேப்பமரத்தடியில பாயை விரிச்சு எல்லாரும் உக்காந்துட்டாக. அப்ப டாக்டரம்மா கையில ரத்தக்கறையோட வெளிய வந்து, "ரத்தம் நெறையப் போயிருச்சு, உடனே யாராவது குடுக்கணும்"னு கேட்டிருக்காக. அவ்வளவுதான், பாதிப் பேருக்குத் திடீர்னு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. மீதிப் பேருக்கு அன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கிறது ஞாபகம் வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு மட்டும் சட்டையைச் சுருட்டிக்கிட்டு ஓடிப்போயி நின்னாரு. கண்ணாடிச் சில்லுல ரெண்டு சொட்டு வச்சுப் பார்த்து, சேராதுன்னு சொல்லிட்டாக. மனுசன் அங்கயே தரையில உக்காந்துட்டாராம்.

அப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் தனியா நின்ன ஒரு ஆளு வந்திருக்காரு. யாருன்னு நெனைக்கிறீங்க? ராமசாமி! அழைக்காத விசேசத்துக்கு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து, கூட்டத்தோட சேராம ஒதுங்கி நின்னிருக்காரு. எனக்கு ஏன் வெத்தலை வைக்கலைன்னு எல்லாருக்கும் முன்னால கேக்கத்தான் வந்தாராம். வந்த எடத்துல அவரு ரத்தம் சேந்துருச்சு. படுத்துக் குடுத்துட்டு, கையில பஞ்சை அமுக்கிக்கிட்டு வெளிய வந்தவரு, அத்தையைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கேட்டாராம்:

"ரத்தத்தை மட்டும் வெத்தலை வைக்காம எடுத்துக்கிடுறீக, அது எந்த ஊரு மொறை?"

ஒரு படித் தவிடு

நான் கண்ணு முழிச்சப்ப உச்சி வெயிலு. நாக்கு தோலாட்டம் ஒட்டிக்கிச்சு, வயிறு தீயா எரியுது. மொதல்ல பக்கத்துல கையை விட்டுத் துழாவுனேன். ஒண்ணுமில்லை. அந்தப் பக்கம் துழாவுனேன். அங்கயும் ஒண்ணுமில்லை. கட்டில் ஓரத்துல அத்தை. அவுக என் முகத்தைப் பார்க்காம புளியோதரை எத்தனை பேருக்குப் பத்தலைங்கிறதைச் சொல்றாக, ராமசாமி ரத்தம் குடுத்ததைச் சொல்றாக, இனி அவன்கூட எப்படிச் சண்டை போடுறதுன்னு கவலைப்படுறாக. புள்ளையைப் பத்தி ஒரு பேச்சு இல்லை. எனக்கு இது பழக்கம்தான். ரெண்டு தரம் இப்படித்தான் எல்லாரும் வேற கதை பேசுனாக. கேக்கவே பயமா இருந்துச்சு, இருந்தாலும் கேட்டேன். "அத்தை, புள்ளை?" அத்தை நேரா என்னைப் பார்த்துச் சொன்னாக: "நமக்கு ஏது புள்ளை? புள்ளையெல்லாம் இல்லை."

அம்மாடி! வயித்துல போட்டிருந்த தையல் தெறிக்கிற மாதிரி நான் போட்ட சத்தத்துல டாக்டரம்மா செருப்பைப் போட மறந்து ஓடியாந்தாக. வீட்டுக்காரரு சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கிறாரு. "என்ன சொன்னீக அவகிட்ட?"ன்னு டாக்டரம்மா போட்ட அதட்டுல அத்தை விசயத்தைக் கக்கிட்டாக. ரெண்டு தவறிப்போன வீட்டுல மூணாவதை நம்ம புள்ளைன்னு வாயால சொல்லக் கூடாதாம். சொன்னா அதுவும் தங்காதாம். பொறந்ததும் வேற ஒருத்தி கையில குடுத்துரணும், அவகிட்ட இருந்து தவிட்டைக் குடுத்துப் பெத்தவ விலைக்கு வாங்கணும். அது வரைக்கும் இந்த வீட்டுக்குப் புள்ளையே கெடையாது. புள்ளை ஆயா கையில கெடக்கு. வாங்கவேண்டிய தவிடு? ஊருல இருந்து சீரோட மூட்டை கட்டிக் கொண்டாந்த தவிட்டை, வாசல்ல நின்ன ஜட்கா வண்டிக் குதிரை மூட்டையோட தின்னுருச்சு! மதுரை டவுனுல தவிட்டுக்கு ஆள் போயிருக்கு. ஆளு வரலை.

"பாவிகளா, புள்ளை உசுரோட இருக்கா இல்லையா?"ன்னு கத்துனேன். வீட்டுக்காரரு திரும்பலை, ஆனா தலையை மட்டும் ஆட்டுனாரு, ஆமா ஆமான்னு. அவரு தோளு குலுங்குச்சு. டாக்டரம்மாவுக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. "தவிடு இல்லேன்னா அரிசியைக் குடுத்து வாங்குங்க"ன்னாக. "அரிசி குடுத்தா மதிப்பு கூடிப் போகும் டாக்டரம்மா, கண்ணு பட்டுரும். ஒண்ணுக்கும் ஆகாத விலைக்குத்தான் வாங்கணும்"கிறாக அத்தை. கடைசியில ஆஸ்பத்திரி மாட்டுக் கொட்டில்ல தவிடு இருக்குன்னு நர்ஸம்மாவுக்கு ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்காரரு ஓடுன ஓட்டத்தை நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். தோள்த்துண்டுல மூட்டையாக் கட்டிக்கிட்டு, மீசையெல்லாம் தவிடாத் திரும்பி வந்தாரு.

ஆயா வந்தா, கையில துணிச்சுருட்டு. நான் ரெண்டு கையையும் நீட்டுறேன். அத்தை குறுக்க கையை வச்சு, "பொறு. எவ்வளவு?"ன்னு ஆயாவைக் கேக்குறாக. ஒரு படித் தவிடுன்னா ஆயா. "அரைப் படிக்கு மேல கெடையாது, பொட்டப்புள்ளை"ங்கிறாக அத்தை. ஆயாவும் மதுரைக்காரி, சும்மா இருப்பாளா? "எடை ஏழு ராத்தல் இருக்கு, தொண்டையைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க"ன்னு உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுனா. துணிச்சுருட்டுக்குள்ள இருந்து கெளம்புச்சு பாருங்க ஒரு அழுகை! நான் இதுவரைக்கும் கேக்காத சத்தம். "ஒரு படி என்ன, வீட்டையே எழுதித் தர்றேன், குடு ஆயா!"ன்னு கெஞ்சுறேன். அத்தை என் கையில ஒரு தட்டுத் தட்டி, "சும்மா கெட புள்ளை, வெலையைக் கெடுத்துறாத!"ங்கிறாக.

முக்காப் படியில முடிஞ்சுச்சு. ஆயா தவிட்டை மடியில வாங்கிக்கிட்டு, துணியை விலக்கி என் மாருல கொண்டாந்து வச்சா. கறுகறுன்னு தலை நெறைய முடி. அழுது அழுது மூக்கு நுனி செவந்து கெடக்கு. என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குச்சு. நான் பெத்த புள்ளை முகத்தை நான் பார்க்குறது அதுதான் மொதத் தடவை. நெத்தியைத் தொட்டேன், சூடா இருந்துச்சு. அந்தச் சூடு போதும், நான் ஓன்னு அழுதுட்டேன். அத்தை அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்துனாக. ஆயா போக எந்திரிச்சவ, திரும்பி நின்னு கறாராச் சொன்னா:

"வித்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் தாயி, கை கால் விரலெல்லாம் இப்பவே எண்ணிப் பார்த்து வாங்கிக்க."

எண்ணிப் பார்த்தேன், இருபதும் சரியா இருந்துச்சு. முக்காப் படித் தவிட்டுக்கு வாங்குன அந்த மகளைத் திருப்பிக் குடுத்துரலாமான்னு இத்தனை வருசத்துல எனக்குத் தோணுனது ஒரு நாளைக்கு ஒரு தரத்துக்கு மேல இல்லை.